மற்றவை

கட்டண அலுவலகத்தில் என் மேசைக்கும்
சங்கீத அறைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்.
பதினொரு வருசமாய்ப் பற்றுச்சீட்டு எழுதியபடி
பிள்ளைகளின் சுருதியைத் தெரிந்துவைத்திருக்கிறேன்,
பாதிப் பேரின் முகம் தெரியாது.

இசைப் புலமைப்பரிசில் கோவைகள் மொத்தம் நாலு.
மூன்று, வீட்டிலேயே வயலினும் பியானோவும்
காத்திருந்த பிள்ளைகளுடையவை.
நாலாவது மிதுர்ஷன்.
'வாத்தியம்' என்ற கட்டத்தில்
தகப்பன் 'தொண்டை' என்று எழுதியிருந்தார்.
யாரும் அதை வெட்டவில்லை.
முகவரியில், ஏழாம் லயம், கீழ்ப்பிரிவு.
லயம் என்ற சொல்லின் கீழே மட்டும்
சங்கீத டீச்சர் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.
தாளத்தை நினைத்தாரோ
தகரக் கூரையை நினைத்தாரோ, கேட்கவில்லை.

கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி.
மீதிக் கால் பங்குக்காக
அவன் அப்பா ஓட்டோவை விற்றுவிட்டு
அதே ஓட்டோவை வாடகைக்கு எடுத்து
பண்டாரவளை ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்.
சப்பாத்து, விடுதிப் போர்வை,
பரிசளிப்பு விழாவின் வெள்ளைக் காற்சட்டை
இவை எதுவும் இசைக்குள் அடங்காது என்று
கடிதம் அடித்தவள் நான்தான்.

ஆறாம் நிபந்தனை: கேட்கும்போதெல்லாம் பாட வேண்டும்.
பாடினான்.
கொடையாளர் தேநீர் விருந்தில் பாடியபோது
கோப்பைகளில் ஆடை படரும்வரை
ஒருவரும் குடிக்கவில்லை.
அவன் அம்மா கொய்த கொழுந்தாக இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
என் பேரேட்டில் அதற்கு வரவுப் பக்கம் இல்லை.

பெப்ரவரியில் ஒரு நாள்,
ஜன்னலை முட்டி நிற்கும் புகார்,
பலகைக்கு அந்தப் பக்கம்
மேல் ஸட்ஜத்துக்கு ஏறிய குரல்
பாதிப் படியில் கால் தவறியது.
ஹார்மோனியம் மட்டும்
இரண்டு அட்சரம் தனியே நடந்துபோய் நின்றது.
ஒரு பிள்ளை சிரித்தது.
பிறகு நாலைந்து.

டீச்சர் அரைக் கட்டை இறக்கினார்.
மறுநாள் இன்னும் அரைக் கட்டை.
குரலோ எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை,
மழையில் வீடு மாறும் பூனை மாதிரி.

மீளாய்வு மார்ச் பதினான்கு.
'தங்கள் பிள்ளையின் உதவித்தொகையைத்
தொடர முடியாமைக்கு வருந்துகிறோம்'
கம்பியூட்டரில் எப்போதும் தயார்.
பெயரை மட்டும் நிரப்பினால் போதும்.
வருத்தம் ஏற்கனவே அடித்திருக்கிறது.

திங்கட்கிழமை வாசலில் வந்து நின்றான்.
முழங்கை வரை ஏறிவிட்ட ஸ்வெட்டர்.
'மிஸ், தொண்டைக்கு மட்டும் லீவு எடுக்கலாமா?'
காய்ச்சலா?
'இல்ல மிஸ்.'
வருத்தம் ஏதும்?
'இல்ல மிஸ். வளருது.'

விடுமுறைப் படிவத்தில் நாலே கட்டம்:
நோய். மரணம். மண்சரிவு. மற்றவை.
மற்றவைக்கு இதுவரை யாரும் கோடு போட்டதில்லை.
போட்டேன்.
காரணம்: குரல் வந்துகொண்டிருக்கிறது.
எத்தனை நாள் என்று கேட்டேன்.
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது,
கட்டத்தை வெறுமையாக விட்டோம்.

அதிபர் படிக்காமலே கையெழுத்து வைப்பது
டீசல் பில்லுக்கும் தண்ணீர் பில்லுக்கும்.
இரண்டுக்கும் நடுவே செருகினேன்.
எனக்கு ராகம் தெரியாது.
சுற்றறிக்கைகள் தெரியும்:
விடுமுறையில் இருப்பவரை
விடுமுறை முடியும்வரை நீக்க முடியாது.
அது ஊழியருக்கான விதி, மாணவருக்கல்ல
என்று யாராவது மார்ச் பதினான்கில் சொல்லக்கூடும்.
சொல்லட்டும். பக்கம் எண் கேட்பேன்.

'தேங்க்யூ மிஸ்' என்றான்.
முதல் சொல் மாடிப்படி ஏறியது,
இரண்டாவது நிலவறைக்கு இறங்கியது.
அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இன்று காலை மற்றவர்கள் பாடுகிறார்கள்.
அவன் என் பக்கத்துச் சுவரில்
சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.
பலகையில் ஒரு விரல் தட்டுகிறது,
மூன்று, பிறகு நாலு,
மறுபடி மூன்று, நாலு.
என்னை அறியாமல் எண்ணிவிட்டேன்.
பற்றுச்சீட்டில் ஒரு சைபர் கூடிப்போய்
வெட்டி, சின்னக் கையெழுத்து வைத்து,
திரும்ப எழுத வேண்டியதாயிற்று.